உறங்கும் குழந்தையின் மூச்சு

(சங்கத்தின் ஆண்டு விழாவில், மாதர் பகுதியின் வேண்டுகோளுக்கிணங்கிக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் மருத்துவன் ஒருவனுக்கும் அரைமணி நேரம் ஒதுக்கித் தந்திருக்கிறீர்கள். அடுத்து மேடையேறவிருக்கும் பிள்ளைகளின் நடனத்தைக் காண நீங்கள் காத்திருப்பதை நான் அறிவேன். ஆயினும் அந்த நடனத்தில் சேர இயலாமல் வீட்டிலேயே இருந்துவிட்ட சில பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று நான் பேச வந்திருக்கிறேன். ஆகவே சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மூளை முடக்குவாதம் கொண்ட குழந்தைகள், டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த குழந்தைகள், நாளுக்கு நாள் தசை வலுவிழக்கும் நோயுடைய குழந்தைகள் ஆகியோர் எந்தக் காலனியிலும் ஒன்றிரண்டு வீடுகளிலேனும் இருக்கிறார்கள். அவர்களுடைய நடையைப் பற்றியும் பேச்சைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் பெற்றோர் கவலைப்படுகிறார்கள். மருத்துவர்களும் அவற்றைப் பற்றியே பேசுகிறோம். அவர்களுடைய உறக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், ஒரு மருத்துவமனையில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். நம்மைப் போலப் பிழைப்புக்காக வடக்கே வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று. அக்குடும்பத்துத் தாய் தம் ஆறு வயது மகனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்ட பிள்ளை; நடையும் இல்லை, பேச்சும் இல்லை; வலிப்புக்கு மருந்து உண்டுவந்தான். "இரவில் இவனுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, ஐயா. நான் தட்டினால்தான் மறுபடி விடுகிறான்" என்றார் அவர். நான் விளக்கை வைத்துத் தொண்டையைப் பார்த்தேன். டான்சில் இரண்டும் பெரிதாகத்தான் இருந்தன. ஆயினும், "இத்தகைய பிள்ளைகளுக்கு இப்படித்தான் இருக்கும், அம்மா, கவலைப்பட வேண்டாம்" என்று கூறி அனுப்பிவிட்டேன்.

அவர் பேசியது தமிழ், கேட்டவனும் தமிழன். இந்தி தெரியாததால் மருத்துவரிடம் குறையைச் சொல்ல முடியவில்லை என்று நம் பெண்கள் வருந்துவதுண்டு. அன்று மொழி தடையாக இருக்கவில்லை; என் செவிதான் தடையாக இருந்தது.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஒரு குளிர்காலத்தில் அதே பிள்ளையை நிமோனியாக் காய்ச்சலுக்காக அங்கே சேர்த்திருந்தார்கள். வேறொரு நோயாளியைப் பார்க்க இரவு இரண்டு மணிக்கு வார்டுக்குச் சென்ற நான், அவன் கட்டிலருகே நின்றேன். மார்பு உள்வாங்குகிறது, வயிறு மேலெழுகிறது. ஆனால் மூக்கிலும் வாயிலும் காற்று இல்லை. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். இருபது வினாடிகளுக்கு மேல் சென்றது. உதடுகள் கறுத்தன. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த தாய், கண்ணைத் திறவாமலே கையை உயர்த்திப் பிள்ளையின் தோளைத் தட்டினார். ஒரு பெருமூச்சோடு சுவாசம் மீண்டது. எத்தனை ஆயிரம் இரவுகள் அக்கை அவ்வாறு உயர்ந்திருக்கும் என்று எண்ணினேன், வெட்கித் தலைகுனிந்தேன்.

நிற்க. இந்நோய் யாது, ஏன் வருகிறது என்பதைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

மூக்குக்கு எலும்பு அரணாக இருக்கிறது. மூச்சுக் குழலுக்குக் குருத்தெலும்பு வளையங்கள் அரணாக இருக்கின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள தொண்டைக்கோ தசையைத் தவிர வேறு அரண் இல்லை. விழித்திருக்கும்போது மூளையின் ஆணையால் அத்தசைகள் விறைத்து நின்று வழியைத் திறந்துவைக்கின்றன, உறங்கும்போது தளர்கின்றன. இளநீரைக் காகிதக் குழலால் உறிஞ்சும்போது, குழல் நனைந்து மெலிந்துவிட்டால் பக்கங்கள் ஒட்டிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். தொண்டைக்கும் அதுவே நேர்கிறது. போதாக்குறைக்கு, மூக்கின் பின்புறத்தில் அடினாய்டும் தொண்டையின் இருபுறமும் டான்சிலும் பருத்திருந்தால் வழி மேலும் குறுகுகிறது. அவ்வழியே காற்று அதிர்ந்து செல்வது குறட்டை. அறவே செல்லாமல் நிற்பது உறக்க மூச்சுத் தடை.

நலமாகப் பிறந்த குழந்தைகளிலும் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேருக்கு இத்தடை உண்டு. நரம்பு மண்டலக் குறைபாடுடைய குழந்தைகளிடமோ இது மிகுதி. டவுன் சிண்ட்ரோமுடைய குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, சில கணக்குகளின்படி அதற்கும் மேற்பட்டோருக்கு, இருக்கிறது. அவர்களுக்கு முகத்தின் நடுப்பகுதி சிறிது, வாயின் இடத்திற்கு நாக்குப் பெரிது, தசைகள் தளர்ந்தவை. மூளை முடக்குவாதமுடைய பிள்ளைகளுக்கு மூளையின் ஆணை ஒழுங்காகத் தொண்டைக்கு வந்துசேர்வதில்லை. நாக்குப் பின்னே சரிகிறது. எச்சிலும் இரைப்பை அமிலமும் தொண்டையில் தேங்கி அதனை வீங்கச் செய்கின்றன. வலிப்புக்கும் தசை இறுக்கத்திற்கும் தரும் மருந்துகளிற் சில, தொண்டைத் தசையை மேலும் தளர்த்துகின்றன. புரண்டு படுத்து வழியைச் சரிசெய்துகொள்ளவும் அப்பிள்ளைகளால் இயலாது.

இதனால் விளையும் கேடு என்ன? ஒவ்வொரு தடையின்போதும் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்கிறது. இரவெல்லாம் இவ்வாறு நிகழ்ந்தால் ஆழ்ந்த உறக்கம் இல்லை. வளர்ச்சிக்குரிய ஹார்மோன் பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கத்தில்தான் சுரக்கிறது. ஆகவே பிள்ளை மெலிகிறான். உறக்கக் குறைவு வலிப்பைத் தூண்டுகிறது. நுரையீரலின் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி இதயத்தின் வலப்பக்கம் களைக்கிறது. டவுன் சிண்ட்ரோமுடைய குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருப்பதால், அவர்களுக்கு இது இரட்டைச் சுமை.

மருத்துவ உலகம் இதனை மெல்லத்தான் உணர்ந்தது. 1868ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரத்து மருத்துவர் வில்ஹெல்ம் மேயர் அடினாய்டு வளர்ச்சியை விவரித்தார். 1889இல் வில்லியம் ஹில் என்னும் ஆங்கில மருத்துவர், மந்தமானவர்கள் என்று பள்ளிகளில் ஒதுக்கப்படும் பிள்ளைகளிற் சிலருக்கு மூக்கும் தொண்டையும் அடைபட்டிருப்பதே காரணம் என்று எழுதினார். அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகள் அவ்வெண்ணம் உறங்கியே கிடந்தது. 1976இல்தான் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் கில்லமினோவும் அவருடைய தோழர்களும் எட்டுக் குழந்தைகளின் இரவு உறக்கத்தை ஆராய்ந்து, குழந்தைகளுக்கும் இந்நோய் உண்டு என்று நிறுவினார்கள்.

இனி, வீட்டில் கவனிக்க வேண்டிய அறிகுறிகளைக் கூறுகிறேன். தாய்மார்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். வாரத்தில் மூன்று இரவுகளுக்கு மேல் குறட்டை. குறட்டை திடீரென்று நின்று, பின் ஒரு திணறலோடு மீள்வது. மூச்சு விடும்போது மார்பு உள்வாங்குவது. கழுத்தைப் பின்னே வளைத்துக்கொண்டோ உட்கார்ந்துகொண்டோ உறங்குவது. குளிர்காலத்திலும் தலையணை வியர்வையால் நனைவது. நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்குவது. காலையில் எழும்போதே சிடுசிடுப்பு. காரணமின்றி வலிப்பு மிகுவது ஆகியவை முக்கியமானவை. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தசை மிகத் தளர்ந்த பிள்ளைக்கு உரக்கக் குறட்டை விடவும் வலுவிராது. அவனுடைய உறக்கம் அமைதியாக இருப்பதாலேயே அது நலமானது என்று நம்பிவிடக் கூடாது. டவுன் சிண்ட்ரோமுடைய குழந்தைகளுக்கு, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான்கு வயதுக்குள் ஒருமுறை உறக்க ஆய்வு செய்துவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் கூறியிருப்பதும் இதனாலேயே.

ஐயம் தோன்றினால், கைப்பேசியில் பிள்ளை உறங்குவதை இரண்டு நிமிடம் ஒளிப்பதிவு செய்துகொள்ளுங்கள். போர்வையை விலக்கி, மார்பும் முகமும் தெரியும்படி எடுக்க வேண்டும். மருத்துவருக்கு அப்பதிவு நூறு சொற்களினும் மேலாக உதவும்.

உறக்க ஆய்வு என்பது, ஓரிரவு மருத்துவமனையில் பிள்ளையை உறங்கவைத்து, தலையிலும் மார்பிலும் விரலிலும் கம்பிகளை ஒட்டி, மூச்சு, இதயத் துடிப்பு, பிராணவாயு, மூளையின் நிலை ஆகியவற்றைப் பதிவு செய்வதாகும். வலி சிறிதும் இல்லை; தாய் அருகிலேயே இருக்கலாம். ஒரு மணி நேரத்திற்கு எத்தனை முறை மூச்சுத் தடைபடுகிறது அல்லது குறைகிறது என்று கணக்கிடுவார்கள். பெரியவர்களுக்கு ஐந்துக்கு உட்பட்டிருந்தால் இயல்பு. குழந்தைகளுக்கோ ஒன்றுக்கு மேற்பட்டாலே கவனிக்க வேண்டும். பத்தும் அதற்கு மேலும் கடுமையானது. இந்த ஆய்வு மற்றோர் உண்மையையும் காட்டும். சில பிள்ளைகளுக்குத் தொண்டை திறந்தே இருந்தும், மூச்சு விடுமாறு மூளை ஆணையிடத் தவறுவதுண்டு. அத்தடைக்குத் தொண்டையில் அறுவை செய்து பயனில்லை. ஆகவேதான் நம் பிள்ளைகளுக்கு, கத்தியை எடுப்பதற்கு முன் ஆய்வு இன்றியமையாதது என்கிறோம். அவ்வசதி இல்லாத ஊர்களில், விரலில் மாட்டும் கருவியால் இரவு முழுவதும் பிராணவாயுவைப் பதிவு செய்வதும் ஓரளவு துணைபுரியும்.

இனி அறுவைச் சிகிச்சைக்கு வருவோம். முதற்படி, டான்சிலையும் அடினாய்டையும் நீக்குவது. மயக்க மருந்து கொடுத்து, வாயின் வழியாகவே செய்வதால் வெளியில் வெட்டுக்காயம் இராது. டான்சிலை முழுவதும் எடுப்பது ஒரு முறை. அதன் உறையை விட்டுவிட்டு உட்பகுதியை மட்டும் நீக்குவது மற்றொரு முறை. இதில் வலியும் இரத்தப் போக்கும் குறைவு, எனினும் சிலருக்கு மறுபடி வளரக்கூடும்.

இதன் பயனைப் பற்றி 2013இல் அமெரிக்காவில் வெளிவந்த பேராய்வு ஒன்றில், 5 முதல் 9 வயது வரையுள்ள 464 குழந்தைகளை இரு பிரிவாக்கினர். ஏழு மாதங்கள் சென்றபின், அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 79 பேருக்கு உறக்க ஆய்வு இயல்பாயிற்று. பொறுத்திருந்து பார்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 46 பேருக்கு இயல்பாயிற்று. ஆனால் அக்குழந்தைகள் மற்றபடி நலமானவர்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த எண்களை அப்படியே ஏற்றிச் சொல்வது ஏமாற்றாகும். டவுன் சிண்ட்ரோமுடையவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அறுவைக்குப் பின்னும் தடை ஓரளவு எஞ்சுகிறது. மூளை முடக்குவாதத்திலும் நோய் குறையும். அறவே நீங்குவது உறுதியில்லை. சதையை நீக்கினோம், தளர்ந்த தசை தளர்ந்தபடியே இருக்கிறதன்றோ? ஆயினும் மணிக்கு முப்பது முறை நின்ற மூச்சு எட்டு முறையாகக் குறைவது சிறிய இலாபமன்று.

இடர்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுவை முடிந்த முதல் இரவு இப்பிள்ளைகளுக்கு மிகவும் எச்சரிக்கையான இரவு. தொண்டை வீங்கியிருக்கும், மயக்கம் முழுவதும் தெளிந்திராது. நெடுநாள் பிராணவாயுக் குறைவில் இருந்த பிள்ளைக்கு, அபினி வகை வலி மருந்தின் சிறிய அளவுகூட மூச்சை அடக்கிவிடும். ஆகவே தீவிரச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில்தான் இதனைச் செய்துகொள்ள வேண்டும். 'காலையில் செய்து மாலையில் அனுப்பிவிடுகிறோம்' என்று எவரேனும் கூறினால், பணிவாக மறுத்துவிடுங்கள். கோடீன் என்னும் மருந்தை டான்சில் அறுவைக்குப் பின் குழந்தைகளுக்குத் தரலாகாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013இல் எச்சரித்தது. டவுன் சிண்ட்ரோமுடைய பிள்ளைக்குக் கழுத்தெலும்பு மூட்டுத் தளர்ந்திருக்கக்கூடும். அறுவையின்போது கழுத்தை மிகையாகப் பின்னே சாய்க்கக் கூடாது. வலிப்பு மருந்தை அன்று காலை எப்போது, எவ்வாறு தருவது என்பதை மயக்க மருத்துவரிடம் நீங்களே கேட்டறியுங்கள். அதனை ஒருவேளையும் தவறவிடக் கூடாது.

வெளியூர்வாசிகளாகிய நமக்கென்றே ஒரு செய்தி உண்டு. நம்மவர் பலர் கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, வேலூரிலோ சென்னையிலோ பிள்ளைக்கு வைத்தியம் முடித்துக்கொண்டு திரும்ப எண்ணுகிறார்கள். உற்றார் துணை கிடைக்கும் என்பதால் அது நல்ல எண்ணமே. ஆனால் டான்சில் அறுவையில் இரத்தப் போக்கு இருமுறை நேரக்கூடும். ஒன்று முதல் 24 மணி நேரத்திற்குள். மற்றொன்று, புண்ணின் மேலுள்ள வெள்ளைப் படலம் உதிரும் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை. பிள்ளை தேறிவிட்டான் என்று ஆறாம் நாளில் ரயிலேறி, நள்ளிரவில் ஏதோ ஒரு சிறு ஸ்டேஷனைக் கடக்கும்போது இரத்தம் வந்தால் என்ன செய்வது? ஆகவே அறுவைக்குப் பின் இரண்டு வாரம் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கும்படி விடுப்பையும் டிக்கெட்டையும் அமைத்துக்கொள்ளுங்கள். இப்பிள்ளைகள் வலியைச் சொல்ல மாட்டார்கள்; உண்ண மறுப்பார்கள். நீர் குறைந்தால் உடல் வறண்டுவிடும். சிறுநீர் எத்தனை முறை கழிக்கிறான் என்று எண்ணி வாருங்கள்.

இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மறுபடி உறக்க ஆய்வு செய்ய வேண்டும். தடை எஞ்சியிருந்தால் வழிகள் உண்டு. 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சலிவன் அறிமுகப்படுத்திய கருவி ஒன்று, மூக்கில் அணியும் மூடியின் வழியே காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்துவைக்கிறது. பிள்ளையைப் பொறுமையோடு பழக்கினால் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். அதுவும் இயலாதபோது, இலேசான மயக்கத்தில் நுண்குழாய்க் கருவியால் தொண்டையை நோக்கி, எந்த இடம் சரிகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். நாவின் அடிப்புறத்து டான்சிலை நீக்குவதோ, குரல்வளையின் மேற்பகுதியில் தொங்கும் சதையைச் சீர்செய்வதோ, சிறுத்த தாடையை நாளடைவில் முன்னே நகர்த்துவதோ அவரவர்க்கு ஏற்றபடி செய்யப்படுகிறது. நாவை முன்னே தள்ளும் நரம்பைத் தூண்டும் மின்கருவியை மார்பில் பொருத்த, டவுன் சிண்ட்ரோமுடைய 13 முதல் 18 வயதினருக்கு 2023இல் அமெரிக்காவில் இசைவு அளிக்கப்பட்டது. ஆனால் அதன் விலை மிகுதி.

இறுதி வழி, கழுத்தில் துளையிட்டு மூச்சுக் குழலில் குழாய் வைப்பது. மேலேயுள்ள தடை எதுவாயினும் இது அதனைக் கடந்துவிடும். ஆனால் குழாயைத் துடைப்பதும் சளியை உறிஞ்சி எடுப்பதும் இரவும் பகலும் காவலிருப்பதும் வீட்டாரின் பொறுப்பாகிவிடும். சில பெற்றோர் இதனை ஏற்று, பிள்ளையின் முகத்தில் மலர்ச்சியைக் கண்டிருக்கிறார்கள். சிலர் நெடிது சிந்தித்து, வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இரு சாராரையும் நான் வணங்குகிறேன். இது மருத்துவர் கட்டளையிடும் காரியமன்று. உண்மைகளை முன்வைத்துவிட்டு, பெற்றோருடன் சேர்ந்து எண்ணிப் பார்க்கும் காரியம்.

'நடக்கவும் பேசவும் போகாத பிள்ளைக்கு இத்தனை செலவும் துன்பமும் எதற்கு?' என்று உறவினர் சிலர் கேட்பதுண்டு. அறுவையினால் மூளைக் குறை தீராது என்பது உண்மையே. ஆனால் நடக்க இயலாதவனுக்கு மூச்சும் வேண்டாம் என்று யார் விதித்தது? திணறாமல் உறங்குவது அவனுக்கும் உரியது.

மீண்டும் அந்தப் பிள்ளையிடம் வருகிறேன். நிமோனியா நீங்கியபின், தக்க வசதியுள்ள பெரிய மருத்துவமனையில் அவனுக்கு உறக்க ஆய்வும் பின்னர் அறுவையும் நடந்தன. மூன்று நாட்கள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தான். தடை முற்றும் நீங்கவில்லை; பெருமளவு குறைந்தது. அவன் நடக்கவுமில்லை, பேசவுமில்லை. எடை சற்று ஏறிற்று. வலிப்பு முன்போல் அடிக்கடி வரவில்லை. பகலில் கண் திறந்து, தங்கையின் விளையாட்டைப் பார்த்துச் சிரித்தான். ஒரு மாதம் கழித்து என்னைக் காண வந்த தாய், ஏதோ குற்றம் செய்தவர்போலத் தயங்கிச் சொன்னார்: "நேற்று ராத்திரி நான் தூங்கிவிட்டேன், ஐயா. விடியும்வரை விழிக்கவேயில்லை." குற்றவாளி நானல்லவா? நான்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நிறைவாக, நம் சங்கம் செய்யக்கூடிய மூன்று காரியங்களைக் கூறி அமைகிறேன். முதலாவது, இந்தி நன்கு பேசத் தெரிந்த சகோதரிகள் சிலர், அது தெரியாத தாய்மார்களுடன் மருத்துவமனைக்குத் துணையாகச் செல்ல முன்வர வேண்டும். 'மூச்சு நின்று நின்று வருகிறது' என்ற ஒரு வாக்கியம் பிழையின்றி மருத்துவரின் காதில் விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டாவது, பெற்றோர் உறக்க ஆய்வுக்காகவோ அறுவைக்காகவோ வெளியே தங்க நேரும்போது, வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளை அண்டை வீட்டார் ஏற்றுக்கொள்ள வேண்டும். மூன்றாவது, 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு முதலியவை உடையவர்களுக்கென 'நிராமயா' என்னும் மருத்துவக் காப்புத் திட்டம் இருக்கிறது. ஓராண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அதில் உதவி பெறலாம். பெயர் பதிவு செய்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்குரிய தாள்களை நிரப்பித் தருவதற்கு நம் இளைஞர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் அமரலாம்.

இன்றிரவு விழா முடிந்து வீடு திரும்பியதும், உறங்கும் உங்கள் குழந்தையின் அருகே ஐந்து நிமிடம் விளக்கை அணைத்துவிட்டு அமர்ந்து கேளுங்கள். மூச்சு சீராக வந்தால் மகிழ்ந்து உறங்கச் செல்லுங்கள். இடையில் நின்றால், காலையில் மருத்துவரிடம் வாருங்கள். 'இப்பிள்ளைக்கு இப்படித்தான்' என்று அவர் கூறினால், நான் அன்று கேளாத கேள்வியை நீங்கள் கேளுங்கள்: "ஏன் இப்படி?"